அழாத பிள்ளை

பேய்க்கு இருட்டு வேண்டும் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்க வேண்டாம். இது நடந்தது பட்டப்பகலில், மதியம் இரண்டு நாற்பதுக்கு. நடந்தது என் அண்ணிக்கு. குழந்தைகள் அவசரப் பிரிவில் நர்ஸ். கரப்பான் பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவார், அது வேறு. ஆனால் பொய் மட்டும் அவருக்கு வரவே வராது.

மூன்றாம் கட்டிலில் நாலு வயதுப் பையன். மூச்சிரைப்போடு வந்தவன். காலையெல்லாம் அலறி ஊரைக் கூட்டியவன், நெபுலைசர் வைத்த பிறகு அடங்கிப்போய்க் கண்மூடிக் கிடந்தான். "இப்பதான் தூங்கறான்" என்றாள் அவன் அம்மா நிம்மதியாக. மற்ற கட்டில்களில் மூன்று பிள்ளைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன. அழுத பிள்ளைதானே பால் குடிக்கும்! அண்ணி அந்தப் பக்கம் திரும்பினார்.

பின்னாலிருந்து யாரோ அவருடைய வெள்ளைக் கோட்டைப் பிடித்து இழுத்தார்கள்.

பார்த்தார். யாருமில்லை. கட்டில் கம்பியில் மாட்டியிருக்கும் என்று நினைத்து நடந்தார். மறுபடியும் இழுப்பு. இந்தமுறை கீழ்நோக்கி... இடுப்புயரம்கூட இல்லாத ஒருவர் இழுப்பதுபோல. பையனின் ஒரு கை, ஊசி நகராமலிருக்க, சின்னக் கட்டையோடு சேர்த்துக் கட்டியிருந்தது. இன்னொன்று அம்மாவின் மடியில்.

துணி இறுகியது. ஐந்து சின்ன விரல்கள். சில்லென்று...

வேறு யாராவது என்றால் ஓடியிருப்பார்கள். அண்ணிக்குக் கோபம்தான் வந்ததாம்.

"யாரா இருந்தாலும் சரி, வேலை நேரத்துல விளையாடாத. என்ன வேணும், சொல்லு!"

இழுத்தது.

மூன்றாம் கட்டிலை நோக்கி.

பையனின் சட்டையைத் தூக்கி, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். காலையில் கேட்ட விசில் சத்தம் இல்லை.

எந்தச் சத்தமும் இல்லை.

உதடு... நீலம்.

"தூங்கறவன ஏன் எழுப்பறீங்க, சிஸ்டர்?" என்றார் பக்கத்துக் கட்டிலில் தையல் போட்டுக்கொண்டிருந்த டாக்டர்.

"தூங்கல டாக்டர். மூச்சு இழுத்து இழுத்து ஓய்ஞ்சு போயிட்டான்!"

அவசர மணியை அடித்தார். டாக்டர் தையல் ஊசியைக் கீழே வைத்துவிட்டு ஓடிவந்தார். ஆக்சிஜன் உஸ்ஸ்... மூச்சுக் கொடுக்கும் பையை அழுத்திக்கொண்டே அண்ணி பல்லைக் கடித்தார்.

"இவன அனுப்பமாட்டேன். யாரு வந்து கேட்டாலும் சரி."

மூன்று பத்துக்கு உதடு சிவந்தது. அதுவரை கோட்டை அந்த விரல்கள் விடவே இல்லை.

அன்று மாலையே அண்ணி பெரிய டாக்டர் முன்னால் போய் நின்றார். இனிமேல் சத்தம் போடாத பிள்ளையைத்தான் முதலில் பார்க்க வேண்டும், பிள்ளை தூங்குகிறது என்று அம்மாவே சொன்னாலும் மூச்சைப் பார்க்க வேண்டும் என்றார். ஒத்துக்கொள்ளும்வரை அறையை விட்டு நகரவில்லை.

கோட்டு விஷயத்தை ஆஸ்பத்திரியில் யாரிடமும் சொல்லவில்லை.

நாலாம் நாள் பையனைப் பார்க்க வார்டுக்குப் போனார். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தவன், அண்ணியைக் கண்டதும் கேட்டான்.

"அங்க என் கட்டிலுக்கு அடியில இருந்த அக்கா இன்னும் வீட்டுக்குப் போகலையா?"

"எந்த அக்கா?"

"பாவம், அவளும் அழாம படுத்திருந்தாளாம்... அவ தூங்கறாள்னு எல்லாரும் நெனச்சு விட்டுட்டாங்களாம்."