காலியான சாக்கெட்டின் சூடு

முட்டை வாங்கினால் காதருகே வைத்து ஆட்டிப் பார்ப்பேன். பக்கத்து வீட்டில் பலகாரம் கொடுத்தால், "என்ன விசேஷம், நமக்கு ஏன் கொடுக்குறாங்க?" என்று கேட்பேன். என் மனைவி இதை ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள். சிரிக்கட்டும். இந்தப் புத்தி இல்லாவிட்டால் என் தொழிலில் பிழைக்க முடியாது. ஈப்போவைச் சுற்றியுள்ள தொழிற்சாலைகளில், அட்டைப் பெட்டிகளைப் பிளாஸ்டிக் பட்டையால் இறுக்கிக் கட்டும் மெஷின்களைப் பழுது பார்ப்பது என் வேலை. எங்கே போனாலும் வாசலிலேயே ஒரு வாக்கியம் காத்திருக்கும். "நாங்க ஒண்ணும் தொடல லா. அதுவா ரோசாக் ஆயிடுச்சு." ரோசாக் என்றால் பழுது. அதுவாகவே பழுதான மெஷினை நான் இன்னும் பார்த்ததில்லை.

அந்த மெஷின் பார்ப்பதற்கு ஒரு இரும்பு மேசை. பெட்டியை மேலே வைத்து, பட்டையைச் சுற்றி, முனையைச் சந்துக்குள் சொருகினால் போதும். மெஷின் இழுத்து இறுக்கும். உள்ளேயிருந்து ஒரு சூடான தகடு பட்டையின் இரண்டு முனைக்கும் நடுவில் நுழைந்து உருக்கிவிட்டு விலகும். உடனே அழுத்தி, ஒட்டி, வெட்டிவிடும். கண் சிமிட்டும் நேரத்தில் முடிந்துவிடும். தகட்டில் சூடு குறைந்தால்தான் வம்பு. பட்டை ஒட்டியது போல நடிக்கும். கையால் இழுத்தால் விடாது, லோரி குலுங்கினால் விட்டுவிடும்.

காம்பாருக்குப் போகும் வழியில், பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் ஒரு வருஷம் இந்த வம்பு தொடங்கியது. தோட்டத்தில் மிச்சமிருந்தது பின்வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற கோயில் மட்டும்தான். பாரிட் புந்தாருக்குப் போன லோரியைத் திறந்தால் பாதிப் பெட்டிகளில் பட்டை அவிழ்ந்து, பெட்டிகள் சரிந்து, பிஸ்கட் மாவாகக் கிடந்ததாம். தவுக்கே, அதாவது சீன முதலாளி, எனக்கு வாட்ஸப்பில் படம் படமாக அனுப்பினார். மெஷினில் நின்றவரிடம் அவர் சொன்னதை அங்கே எல்லாரும் கேட்டிருக்கிறார்கள். இன்னொரு லோரி திரும்பி வந்தால், மெஷினில் நிற்கிற ஆளும் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

மெஷினில் நின்றவர் ஒரு அக்கா. தாப்பாவிலிருந்து விடியுமுன் தொழிற்சாலை பஸ் ஏறி வருபவர், ஐம்பதைத் தாண்டியவர், கணவர் இல்லை. நான் போன முதல் நாளே பக்கத்தில் வந்து நின்றார்.

"தம்பி, மெஷின்தான் சரியில்லன்னு தவுக்கேகிட்ட சொல்லிடுங்க. இந்த வயசுல என்னை வேற யாரு வேலைக்கு எடுப்பா?"

எனக்கு உடனே சந்தேகம் வந்தது. கேட்காமலே ஒருவர் தன் பக்க நியாயத்தைச் சொன்னால் என் காது தானாக நிமிர்ந்துகொள்ளும்.

மெஷினைத் திறந்தேன். தகட்டைத் துடைத்தேன், உருளைகளைச் சுத்தம் செய்தேன், மின்சாரத்தை அளந்தேன். எல்லாம் ஒழுங்கு. பெட்டிகளைக் கட்டி, தூக்கித் தரையில் போட்டுப் பார்த்தேன். ஒன்றும் அவிழவில்லை. ஈப்போ போய்ச் சேர்வதற்குள் தவுக்கே கூப்பிட்டார். மறுபடியும் ரோசாக்.

மறுபடி போனேன். நான் நின்றால் மெஷின் நல்ல பிள்ளை, முதுகைத் திருப்பினால் சேட்டை. அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. காலையில் முதலில் கட்டிய பெட்டிகளில் குற்றம் இல்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கட்டியவைதான் அவிழ்ந்தன. மெஷினுக்கு மணி பார்க்கத் தெரியாது. மனிதர்களுக்குத் தெரியும்.

அதன்பிறகு நான் மெஷினைப் பார்ப்பதை விட்டு ஆட்களைப் பார்க்கத் தொடங்கினேன். நான் உள்ளே நுழைந்ததும் அந்த மூலையில் பேச்சு நின்றுவிடும். அக்காவும் கூட வேலை பார்க்கும் பெண்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். மெஷினுக்குப் பின்னால் பெட்டிகளை ஆளுயரத்துக்குச் சுவர் போல அடுக்கியிருந்தார்கள். தொழிற்சாலையில் எல்லா அடுக்கும் லோரிக்குப் போய்க்கொண்டே இருக்கும். இது மட்டும் அசையாது. ஒருநாள் நான் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததும் அக்கா குறுக்கே வந்து, "அங்க எலி இருக்கு தம்பி, போவாதீங்க" என்றார். பிஸ்கட் தொழிற்சாலையில் எலி இருப்பதை இவ்வளவு நிதானமாகச் சொல்லும் ஆளை நான் கண்டதில்லை.

என் மண்டை கணக்குப் போட்டு முடித்துவிட்டது. பெட்டிகளிலிருந்து பிஸ்கட்டை எடுத்து அடுக்குக்குப் பின்னால் ஒளிக்கிறார்கள். பட்டையை வேண்டுமென்றே தளர்வாகக் கட்டி, லோரியில் சிந்தியது என்று பழியை அங்கே தள்ளுகிறார்கள். ஆள் வருவதை வாசலில் இருக்கும் ஜாகா போன் போட்டுச் சொல்லிவிடுகிறான். ஜாகா என்றுதான் எங்கள் ஊரில் காவலாளியைச் சொல்வோம். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, மறைப்பானேன்.

அதனால் ஒருநாள் யாரிடமும் சொல்லாமல், அந்த மதியத்துக்கு முந்தைய நேரமாகப் பார்த்துப் போனேன். என் வண்டியைக் கண்டதும் தவுக்கே வாசலுக்கே வந்துவிட்டார். சீனர்களின் ஒன்பது நாள் விரதம், வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, சைவச் சாப்பாடு. பசியில் முகம் இறுகியிருந்தது.

"இன்னிக்கு நானும் கூட நின்னு பாக்குறேன்" என்றார் மலாயில்.

இவருக்கும் அந்த அக்காமேல் சந்தேகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். நல்லதாகப் போயிற்று, சாட்சிக்கு ஆள் ஆயிற்று.

நாங்கள் மெஷினுக்கு வருவதற்குள் ஜாகா போன் போட்டுவிட்டான் போல. மூலை அமைதியாக இருந்தது. மெஷின் வழக்கம்போல் நன்றாக ஓடியது. அக்கா ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். தவுக்கே என் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். அது ஏன் என்று அப்போது புரியவில்லை.

மெஷினுக்கு மின்சாரம் வருவது தூரத்துச் சுவரிலிருந்து நீண்டு வரும் ஒல்லியான எக்ஸ்டென்ஷன் வயர் வழியாக. அதன் முனையில் இருக்கும் சாக்கெட் பலகை எப்போதும் பெட்டி அடுக்கும் ஒரு மரச்சட்டத்துக்கு அடியில் கிடக்கும். இதுவரை நான் மெஷினில் அளந்ததோடு சரி, வயரைத் தொடர்ந்து போனதில்லை. அன்று மண்டியிட்டுக் கையை விட்டு இழுத்தேன். இரண்டு சாக்கெட். ஒன்றில் மெஷினின் பிளக். மற்றது காலி. காலியான சாக்கெட்டின் ஓரம் கருகியிருந்தது. விரலை வைத்தேன். சுட்டது.

தலையைத் தூக்காமல் அடுக்கின் பக்கம் பார்த்தேன். அடியில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே ஒரு இடைவெளி. அதற்குள் ஒரு ரைஸ் குக்கர், மூடி ஓரத்தில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு தூக்குச்சட்டியில் ரசம், வாழைக்காய் வறுவல், நான்கு தட்டுகள்.

புரட்டாசி. எனக்கு அப்போதுதான் உறைத்தது. கேண்டீனில் கோழிக்கும் கீரைக்கும் ஒரே கரண்டி. மாதம் முழுக்கச் சைவம் இருப்பவர்கள் அங்கே எதைத் தொடுவார்கள்? வேலை செய்யும் இடத்தில் சமைக்கக் கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. அதனால் சுவர் கட்டிச் சமைத்திருக்கிறார்கள். அதே ஒல்லி வயரில் குக்கர் சூடேறும்போது மெஷினின் தகடு ஆறிப்போகிறது. ஆள் வருகிறார் என்றதும் பிளக்கைப் பிடுங்குகிறார்கள், தகடு சூடாகிவிடுகிறது. திருடியைப் பிடிக்க வந்தவன் ரசச் சோற்றுக்கு முன்னால் மண்டியிட்டுக்கொண்டிருந்தேன்.

தவுக்கே மூக்கை உறிஞ்சினார். "என்ன வாசம் இது?"

அக்கா ஒரு எட்டு நகர்ந்து அடுக்கின் இடைவெளியை மறைத்து நின்றார். இந்த வயசுல யாரு வேலைக்கு எடுப்பா என்று அவர் முதல் நாள் கேட்டது எனக்கு ஞாபகம் வந்தது.

"கோயில், தவுக்கே" என்றேன். "வேலிக்கு அந்தப் பக்கம். எங்க ஆளுங்களுக்கும் இது விரத மாசம்."

அவர் பின்வேலிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். நம்பினாரா என்று தெரியவில்லை. நான் எழுந்து, கருகிய சாக்கெட்டை அவர் கண்முன்னால் காட்டினேன். வயர் ஒல்லி, ரொம்ப நீளம், சாக்கெட் கெட்டுவிட்டது, தகட்டுக்கு மின்சாரம் போதவில்லை, மெஷினுக்குத் தனியாக லைன் இழுத்துவிட்டால் தீர்ந்தது என்றேன். சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

"அப்ப, ஆள் தப்பு இல்ல?"

"இல்ல."

அவர் என் முகத்தைப் பார்த்து அதையே இன்னொரு தடவை கேட்டார். நானும் இன்னொரு தடவை சொன்னேன். வயரிங் ஆளை வரச் சொல்கிறேன் என்று போனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் கதவைத் தாண்டியதும் அக்கா கிட்டே வந்தார். "பாத்துட்டீங்களா தம்பி?"

"பாத்தேன். உங்க குக்கர்தான்க்கா அந்தச் சூட்டத் திங்குது. அத சொருகினா தகடு ஆறிப்போவுது, பட்டை ஒட்டாது."

அக்கா அப்படியே ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்துவிட்டார். அவருக்குத் தெரியாது. அங்கே ஒருவருக்கும் தெரியாது. தவுக்கேக்குப் பயந்து குக்கரை ஒளித்தார்களே தவிர, மெஷினுக்கும் அதற்கும் ஒரு சம்பந்தம் இருக்கும் என்று யாரும் நினைக்கவில்லை. பெருமாளுக்காக ஆக்கிய சோறே தன் வேலைக்கு உலை வைத்திருக்கிறது என்பதை அவர் மெல்ல மெல்ல விழுங்கிக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும். கோவிச்சிக்காதீங்க."

"சொல்லுங்க."

"நீங்கதான் வேணும்னே கெடுத்துட்டுப் போறீங்கன்னு தவுக்கேகிட்ட நான்தான் சொன்னேன். நீங்க வந்தா நல்லா ஓடுது, போனா ரோசாக் ஆவுது. வேற எப்படி நெனைக்கிறது? அதான் இன்னிக்கு உங்க கையப் பாக்க வந்தாரு."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். இவரைக் காப்பாற்றவா பொய் சொன்னேன்! என் பிழைப்பில் மண் அள்ளிப் போடப் பார்த்தவரை! ஆனால் காலையில் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தபோது, இந்த அக்காவைத் திருடி என்று தவுக்கேயிடம் மலாயில் எப்படிச் சொல்வது என்று நானும் வாக்கியம் கோத்துக்கொண்டுதான் வந்தேன். அவர் முந்திக்கொண்டார், அவ்வளவுதான். பையைக் கீழே வைத்தேன்.

"சாப்பிட்டுப் போங்க தம்பி."

"காலையில முட்டை சாப்பிட்டேன்க்கா."

"பரவால்ல, கைய கழுவிட்டு ஒக்காருங்க."

பெண்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். அடுக்குக்குப் பின்னால் நானும் ஒளிந்து உட்கார்ந்தேன். அக்கா சோற்றைப் போட்டு ரசம் ஊற்றினார். பழக்கம் எங்கே போகும், வாயில் வைக்குமுன் விரலால் ஒருமுறை கிளறிப் பார்த்தேன்.

அக்கா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என் தட்டிலிருந்தே ஒரு பிடி எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

"இப்ப சாப்பிடுங்க" என்றார்.