மேலக்கா நிறுத்திய மாத்திரை

வேலை நடக்கும் இடத்தில் என் அக்காவை எல்லாரும் மேலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக உயரமான கிரேனின் உச்சியில், கண்ணாடிக் கூண்டில் உட்கார்ந்து ஓட்டுகிறாள். நான் கீழே நின்று கை காட்டுகிறவன். என் கை அவளுக்குத் தெரியவில்லை என்றால் என் கதை கந்தல்.

போன வருடம் ஒரு காலை. என் பக்கம் வந்துகொண்டிருந்த இரும்புக் கம்பிக் கட்டு அந்தரத்தில் நின்றது. வாக்கிடாக்கியில் அவள் குரல்: "தம்பி, தள்ளிப் போ. இன்னும் தள்ளு." கட்டை வெறுந்தரையில் மெல்ல இறக்கிவிட்டு அவளும் இறங்கி வந்தாள். இடது கண்ணில் திரை விழுந்த மாதிரி இருட்டிவிட்டதாம். ஐந்து நிமிடத்தில் தெளிந்துவிட்டதாம்.

"அதான் சரியாப் போச்சே, ஏம்மா ஊரைக் கூட்டுற? வெளிய தெரிஞ்சா உன் சீட்டு கிழிஞ்சிடும்" என்றார் மேஸ்திரி.

"கிழியட்டுங்க. கீழ நிக்கிறது என் தம்பி" என்றாள்.

அன்றே கண் டாக்டரிடம் போனோம். கண்ணின் ரத்தக் குழாயில் மஞ்சளாக ஒரு கொழுப்புத் துணுக்கு மாட்டியிருந்தது. "கொலஸ்ட்ரால் மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்டார். அக்கா தரையைப் பார்த்தாள். நாலு மாதமாகப் போடவில்லையாம். அதைப் போட்டால் தொடை வலிக்கிறது, ஏணி ஏற முடியவில்லை, ஏறாவிட்டால் வேலை போய்விடும் என்று யாரிடமும் சொல்லாமல் நிறுத்திவிட்டாளாம். எனக்கு வந்ததே கோபம்!

"அறிவு இருக்காக்கா உனக்கு? காலைப் பாத்து கண்ணைக் கோட்டை விட்டியே!"

"சத்தம் போடாதீங்க" என்றார் டாக்டர். "வலிச்சா எங்ககிட்ட வந்து சொல்லணும்மா. அளவைக் குறைக்கலாம், வேற மாத்திரை தரலாம். கண்ணோட ரத்த ஓட்டத்துக்கு இந்த மாத்திரை நல்லதுன்னு சில ஆய்வு சொல்லுது, சிலது இல்லைங்குது. அது இருக்கட்டும். இதே துணுக்கு மூளைக்குப் போயிருந்தா?"

உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். கழுத்து, இதயம் எல்லாம் பார்த்து வேறு மாத்திரை கொடுத்தார்கள். ஆறு மாதம் அக்காவுக்குத் தரையில்தான் வேலை, வந்து இறங்கும் இரும்பைச் சரிபார்ப்பது. "கடைசியில என்னைக் கம்பி எண்ண வச்சிட்டாங்கடா" என்று சிரிப்பாள். சாயங்காலம் எங்கள் வீட்டு மாடிப்படியில் நாலு மாடி ஏறி இறங்குவாள்.

"வலிக்குதாக்கா?"

"கொஞ்சம். டாக்டர்கிட்டயும் சொல்லிட்டேன். மாத்திரையையும் விடமாட்டேன், கூண்டையும் விடமாட்டேன்."

கூண்டில் வேலை செய்யலாம் என்று டாக்டர்கள் கடிதம் கொடுத்த பிறகு மறுபடி ஏறினாள். முன்பெல்லாம் பத்து நிமிடம் போதும். அன்று இருபத்தைந்து ஆனது. நான் கழுத்து வலிக்க அண்ணாந்து நின்றேன்.

"தம்பி, வலது கண்ணை மூடியிருக்கேன். கையைக் காட்டு."

தூக்கு என்று காட்டினேன்.

"தூக்கு" என்றாள். இறக்கு என்று காட்டினேன். "இறக்கு."

"ஏன்டா கை இப்படி நடுங்குது?"