கழுத்தில் அளந்த ஜீன்ஸ்

சிங்கப்பூரில் தாதியாக இருக்கும் என் மனைவி ஒரு ஜீன்ஸ் வாங்கி அனுப்பியிருந்தாள். வெளுத்த நீலம், மழை விட்ட வானம்போல. போட்டுப் பார்த்தேன். கால் தரையில் புரண்டது. அது எனக்குப் பழக்கம்தான், எந்த ஜீன்ஸும் என் உயரத்துக்குப் பிறந்ததில்லை. இடுப்புதான் புதிது. பிடியை விட்டால் இறங்கியது.

போனில் கேட்டேன். "எப்படி அளவு பாத்த?"

"எப்பவும் போலத்தான். கழுத்துல சுத்திப் பாத்தேன்."

"யாரு கழுத்துல?"

"என் கழுத்துலதான். ஒங்களுக்குன்னு மேல கொஞ்சம் சேத்துக்கிட்டேன். ஏங்க, சரியா இருக்கா?"

"சரியா இருக்கு. தீபாவளிக்கு வர்றியா?"

"வாரேன்னுதான் இருக்கேன். லீவு குடுக்கணும் லா."

எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் தெரிந்த அளவு அது. எஸ்டேட்டில் சம்பள நாளன்று படுதா விரித்துத் துணி விற்பார்கள். போட்டுப் பார்க்க மறைவு ஏது? பட்டனைப் போட்டு, இடுப்புப்பட்டியைக் கழுத்தைச் சுற்றிப் பிடிப்போம். இரண்டு ஓரமும் பிடரியில் தொட்டுக்கொண்டால் இடுப்புக்குச் சரி. ரப்பர் மரங்கள் போய், நாங்கள் சிம்பாங் பூலாய்க்கு வந்த பிறகும், பாசார் மாலாம் இரவுச் சந்தைக் கூட்டத்துக்கு நடுவே அவள் அப்படித்தான் எனக்கு வாங்குவாள். பின்னால் நின்று ஓரங்களை இழுத்துச் சேர்ப்பாள். விரல்நுனிகள் பிடரியில் படும். அளவு தெரிந்த பிறகும் நான் குனிந்தே நிற்பேன்.

"நிமிருங்க, மாலையா போடுறேன்?" என்பாள்.

அவள் நினைவில் இருக்கிற ஆள் இப்போது இல்லை. தனியாகச் சாப்பிடும் சோறு உடம்பில் ஒட்டவில்லை.

ஈப்போவில் ஒரு கடையின் முன்னால், ஐந்தடி நடைபாதையில் தையல் மிஷின் போட்டிருக்கும் அக்காவிடம் போனேன். திரைக்குப் பின்னாலிருந்து, இடுப்பைப் பிடித்தபடி வந்தேன்.

"என்ன அண்ணே, உள்ள இன்னொரு ஆளு குடி வரலாம் போல!"

"வீட்டுல வாங்குனது."

"யாருக்கு?"

கேட்டுவிட்டு அவரே சிரித்தார். காலுக்குச் சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். பிறகு பின்னிடுப்பைக் கொத்தாகப் பிடித்து ஊசி குத்தினார். "நடுவுல பிரிச்சு உள்ள புடிச்சிரலாம். பின் பாக்கெட் ரெண்டும் கிட்ட வந்துரும், தையல் தடமும் தெரியும். பரவால்லயா?"

கண்ணாடியில் ஜீன்ஸ் கச்சிதமாக இருந்தது. அதற்குள் நின்ற ஒல்லியானவனை அவள் இன்னும் பார்த்ததில்லை. வெட்டித் தைத்துவிட்டால், அவளில்லாமலே இந்த அளவு முடிவாகிவிடும்.

"இடுப்ப விட்டுருங்க அக்கா. கால் மட்டும் போதும்."

"ரோட்டுல அவுந்து வுழுந்தா என்னையச் சொல்லாதீங்க லா."

"தீபாவளிக்கு வருவாங்க. அவங்க பாத்துட்டுச் சொல்லட்டும்."

அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். வாயில் வைத்திருந்த ஊசியை எடுத்துவிட்டு, "அப்ப ரெண்டு பேருமா வாங்க" என்றார். பின்னிடுப்பு ஊசிகளை ஒவ்வொன்றாக உருவினார். இடுப்பு தளர்ந்தது, நான் கையால் பிடித்துக்கொண்டேன்.

கால் வெட்டிய ஜீன்ஸோடு வீட்டுக்கு வந்தேன். உட்காரக்கூட இல்லை. பட்டனைப் போட்டு, கழுத்தைச் சுற்றி, கைகளைப் பின்னால் கொண்டுபோய் இழுத்தேன். இரண்டு ஓரமும் பிடரியைத் தாண்டி ஒன்றின்மேல் ஒன்று ஏறின. பட்டதெல்லாம் என் விரல்தான்.

நிமிரச் சொல்ல ஆளில்லை. குனிந்தே நின்றேன்.