கல்யாணப் பத்திரிகையில் வெடிகுண்டு

என் கல்யாணம் நடந்த வருஷம், தமிழ் பேசும் தாலுகாக்களைத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று எங்கே பார்த்தாலும் கூட்டம், ஊர்வலம். நாங்கள் அப்போது திருவிதாங்கூர்-கொச்சிக் குடிமக்கள். போலீஸுக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம். அஞ்சுகிராமத்தில் வாழைக்குலை வியாபாரம் பார்த்த என் அப்பாவுக்கோ, மகள் கல்யாணத்தைத் தவிர வேறு அரசியல் தெரியாது.

நாகர்கோவில் அச்சாபீசிலிருந்து பத்திரிகை வந்தது. ‘சௌபாக்கியவதி’யில் ஒரு ‘பா’, ‘இல்லத்தில்’ ஒரு ‘ல’, ‘முகூர்த்தம்’ கடைசியில் ஒரு ‘ம்’, இந்த மூன்று மட்டும் கொழுத்துத் தடித்து நின்றன. அப்பா போய்ச் சண்டை போட்டார். சின்ன அச்செழுத்து தீர்ந்துபோனதால் பெரிசை எடுத்துக் கோத்தார்களாம்.

“எழுத்து தடிச்சா என்ன அண்ணாச்சி, மாப்பிள்ளை மெலிஞ்சா போயிருவாரு?” என்று கேட்டு அனுப்பிவிட்டார்கள்.

மரியாதைக்காக அப்பா சப்-இன்ஸ்பெக்டருக்கும் வெற்றிலை பாக்கோடு ஒரு பத்திரிகை வைத்தார். அதுதான் வினை. அந்த மனிதர் எங்கள் பக்கத்துத் தமிழர்தான். மேலிடத்துக்கு அது மறந்துபோக வேண்டுமே என்று படாதபாடு பட்டுக்கொண்டிருந்தார். வாரப் பத்திரிகைகளின் குறுக்கெழுத்துப் போட்டிக்கு விடாமல் எழுதிப் போடுவார். பரிசு வந்ததில்லை. அந்த மூளைக்கு என் பத்திரிகை தீனியாகக் கிடைத்தது.

மறுநாள் காலையில் வீட்டுக்கே வந்துவிட்டார். தடித்த எழுத்துகளைச் சிவப்புப் பென்சிலால் வளைத்திருந்தார்.

“ஓய், இதைச் சேத்து வாசியும்.”

“பா... ல... ம்,” என்று அப்பா வாசித்தார்.

“எந்தப் பாலம்?”

“ஏமானே, அது அச்சாபீசுக்காரன்...”

“ஒம்பது மணிக்கு மேல் பத்தரைக்குள்ளன்னு நேரமும் குறிச்சிருக்கீரு. மாப்பிள்ளைக்கு எங்க வேலை?”

“கீரிப்பாறை ரப்பர் தோட்டத்துல குமாஸ்தா.”

“மலை! காடு! வெடியை ஒளிச்சு வைக்க வேற எடம் வேணுமா?” என்று கூட வந்த கான்ஸ்டபிளைத் திரும்பிப் பார்த்தார். கட்டமெல்லாம் நிரம்பிவிட்ட சந்தோஷம் அந்த முகத்தில்.

அடுக்களைக்குள் அம்மா முணுமுணுத்தாள்: “இவ்வளவு வாசிச்சவரு பொண்ணு பேரை வாசிச்சாராமா?” கதவுக்குப் பின்னால் நின்ற எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

ஊருக்கு மேற்கே கால்வாய்மேல் ஒரு பாலம் உண்டு. இரண்டு மாட்டுவண்டி எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டும். கல்யாணத்தன்று விடிந்ததும் சப்-இன்ஸ்பெக்டர் ஆட்களோடு அதைக் காவல் காத்தார். மாப்பிள்ளை வீட்டார் வந்த பஸ் அங்கே நிறுத்தப்பட்டது. எல்லோரும் இறங்கினார்கள். டிரங்குப் பெட்டிகளைக் கவிழ்த்தார்கள். தேங்காயைக் காதோரம் வைத்துக் குலுக்கிப் பார்த்தார்கள். என் மாமியார் கொண்டுவந்த முறுக்கில் வெடிமருந்து இருக்கிறதா என்று கான்ஸ்டபிள்கள் தின்றே சோதித்தார்கள்.

ஒன்பது மணி தாண்டியது. பத்தரை வரை பாலத்தில் ஒரு ஈ காக்கை ஏறக்கூடாது என்று உத்தரவு.

மாப்பிள்ளை பட்டு வேட்டியை மடித்துக் கட்டினார், தாலியை மடியில் செருகினார், கால்வாய்க்குள் இறங்கிவிட்டார்.

“யாருலே அது, நில்லு!” என்று கத்தினார் சப்-இன்ஸ்பெக்டர்.

“பாலத்துலதானே ஏறக்கூடாதுன்னு சொன்னீங்க?”

அதற்குப் பதில் எந்தக் கட்டத்திலும் இல்லை. பின்னாலேயே மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் இறங்கி நடந்தார்கள்.

குனிந்த தலையோடு மணையில் இருந்த நான் முதலில் பார்த்தது அவர் முகத்தை அல்ல, முழங்கால்வரை அப்பியிருந்த சேற்றை. அது காய்வதற்குள் தாலி கட்டிவிட்டார்.

பத்தரை ஆயிற்று. பாலம் வெடிக்கவில்லை. சப்-இன்ஸ்பெக்டர் படையோடு நேரே பந்திக்கு வந்தார். முதல் வரிசையில் உட்கார்ந்து அடைப்பிரதமன் பாயசத்தை இரண்டு தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். கை கழுவிவிட்டு அப்பாவிடம் சொன்னார்:

“நான் இல்லேன்னா இன்னைக்கு உம்ம சம்பந்தக்காரங்க கதி என்ன ஆயிருக்கும், நெனச்சுப் பாரும்.”

அப்பா கைகூப்பினார். வேறு என்ன செய்ய?

மேலே போன அறிக்கையில் பெரிய சதி ஒன்று முறியடிக்கப்பட்டிருந்ததாம். சீக்கிரமே உத்தியோக உயர்வு கொடுத்துத் திருவனந்தபுரத்துக்கு மாற்றினார்கள். அவர் புறப்படும் அன்று அப்பா நல்ல மட்டி வாழைக்குலையாகப் பார்த்து ஒன்றைக் கொடுத்தனுப்பினார். பிறந்த வீட்டுக்கு வந்திருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

“அந்த ஆளுக்கு எதுக்குப்பா குலை?”

“போறாருல்லா மக்கா, அந்தச் சந்தோஷத்துக்கு,” என்றார் அப்பா.