மூன்றாவது சுவிட்ச்

இன்று மரக்காணம் உப்பளத்தில், மொட்டை வெயிலில் லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்திருந்தேன்.

பாத்திக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டாருக்கு எங்கள் கம்பெனி கொடுத்த கண்ட்ரோலர். ஆஃப் சுவிட்சை அமுக்கியும் மோட்டார் நிற்கவில்லை. பாத்தியில் வாருவதற்குத் தயாராக இருந்த உப்பெல்லாம் தண்ணீரில் கரைந்துவிட்டது.

உப்பள முதலாளி கையில் புது சுவிட்சோடு நின்றார். "இது மூணாவதுங்க மேடம். உப்புக் காத்துல துரு ஏறிடுது. உங்களைச் சொல்லி என்ன பண்றது?"

கழற்றிப் பார்த்தேன். பழைய சுவிட்சில் துருவே இல்லை.

ஆபீஸில் சோதித்தபோது ஒழுங்காக நின்ற மோட்டார்தான். அதன்பிறகு, புரோகிராம் வேகமாக ஓடட்டும் என்று யாரோ, எழுதிய புரோகிராமை மெஷின் மொழிக்கு மாற்றித் தரும் கம்பைலரில் ஆப்டிமைசேஷனைப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். சுவிட்சின் நிலையை மாற்றும் வரி புரோகிராமில் எங்கும் இல்லை. எனவே அது மாறவே மாறாது என்று கம்பைலர் முடிவுகட்டிவிட்டது. மோட்டார் ஓடத் தொடங்கும்போது சுவிட்சை ஒரே ஒரு முறை பார்த்ததோடு சரி. வெளியே ஒரு மனிதர் சுவிட்சை அமுக்குவார் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு முறையும் சுவிட்சைப் புதிதாகப் பார்க்கச் சொல்லும் ஒரு வார்த்தையைப் புரோகிராமில் சேர்த்தேன். மோட்டார் நின்றது.

மேனேஜருக்குப் போன் போட்டேன். "சூப்பர். ரிப்போர்ட்ல உப்புக் காத்துன்னு எழுதிடுங்க. அங்க யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க."

முதலாளியிடம் திரும்பி, "தப்பு எங்க புரோகிராம்லதாங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "எங்க ஊரு காத்து எனக்குத் தெரியாதா மேடம்? என் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றீங்க." ஒரு பை உப்பும் கொடுத்து அனுப்பினார்.

உங்கள் ஆபீஸில் பழி போட எந்தக் காற்றை வைத்திருக்கிறீர்கள்?