பெட்டியை இறக்காதே என்ற ஆறுச்சாமி

ஆறுச்சாமியண்ணன் இறந்துவிட்டார். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை முதலமடையில் ஒரு தோப்பில் காய் பார்த்துக்கொண்டு நின்றவர் நெஞ்சைப் பிடித்தபடி உட்கார்ந்தார். காரில் ஏற்றிக்கொண்டு போகும் வழியிலேயே உயிர் போய்விட்டது. சேதி வந்தபோது நான் ஒரு லாரிக்காரரோடு வாடகைக்கு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். போனை வைத்துவிட்டு அவர் கேட்டதற்கே தலையாட்டி அனுப்பினேன். இத்தனை வருட வியாபாரத்தில் அப்படி விட்டுக்கொடுத்தது அன்றைக்குத்தான்.

பத்து நாள் கழித்து எங்கள் மாங்காய் வியாபாரிகள் இரங்கல் கூட்டம் போட்டார்கள். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. மைக்கைப் பிடித்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள். அதிர்ந்து பேசாதவர், யார் மனதையும் நோகடிக்காதவர், எல்லோருக்கும் வேண்டியவர். ஆறுச்சாமியா அதிர்ந்து பேசாதவர்? அவர் தன் மண்டியில் நின்று போன் பேசினால் எதிர்ச்சாரியில் இருக்கிற என் மண்டியில் கணக்குத் தப்பும். அங்கே உட்கார்ந்திருந்தவர்களில் அவரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் ஒருவர்கூட இல்லை. நானும் வாங்கியிருக்கிறேன். வியாபாரத்தில் நானும் பொய் சொல்கிறவள்தான். பிஞ்சை முற்றல் என்று தள்ளிவிட்டிருக்கிறேன். ஆனால் செத்துப்போன மனிதரைக் கழுவித் துடைத்து, வேறு யாரோ ஒருவராக்கி அனுப்பிவைக்கிற பொய்யை என்னால் பொறுக்க முடியவில்லை.

உதிர்காய் பொறுக்கி ஊறுகாய்க் கம்பெனிக்குப் போட்டுக்கொண்டிருந்த நான் முதன்முதலாக ஒரு தோப்பைப் பாட்டத்துக்கு, அதாவது காய்க் குத்தகைக்கு, எடுக்கப் போனபோது, மற்ற வியாபாரிகள் சிரித்தார்கள். ‘பாவம், பொம்பளை, விட்டுக்கொடுங்க’ என்று ஒருவர் பெரிய மனது காட்டினார். ஆறுச்சாமியண்ணன் விட்டுக்கொடுக்கவில்லை. ஆம்பிளைகளோடு எப்படி மோதுவாரோ அப்படியே என்னோடும் மோதி, விலையை ஏற்றி அந்தத் தோப்பைத் தட்டிக்கொண்டு போனார். வெளியே வந்ததும் என்னைக் கூப்பிட்டு, “ஏனுங் அம்மிணி, மேக்கால இருக்கற மரமெல்லாம் பூத்தாலும் காய் நிக்காது, பாத்தீங்களா?” என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். “பாத்தும் வெலை கேட்டீங்களா? அப்ப என்னையத்தான் ஏத்தி உட்டீங்க,” என்று திட்டிக்கொண்டே போனார். அதற்கு மேல் ஒரு மரியாதை இந்தத் தொழிலில் எனக்கு யாரும் தந்ததில்லை.

கூட்டத்தில் கடைசியாக மைக்கைப் பிடித்தவர் நடராசன். கொல்லங்கோடு ரோட்டில் பைக் ஒர்க்ஷாப் வைத்திருப்பவர். ‘அண்ணன் என் ஒர்க்ஷாப்பைச் சொந்தக் கடை மாதிரி நினைத்தார்’ என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாசலில் செருப்பு கிடக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்த கந்தவேல் தலையைக் குனிந்துகொண்டான். அந்த ஒர்க்ஷாப்பில் என்ன நடந்தது என்று அங்கிருந்த பாதிப் பேருக்குத் தெரியும். தெரிந்தும் கைதட்டினார்கள். தெரியாதவர்களுக்காக எழுதுகிறேன்.

கந்தவேல் வடகரப்பதிக்காரன். தோப்புகளிலிருந்து எங்கள் மண்டிகளுக்குப் பைக்கில் மாங்காய்ப் பெட்டி அடிக்கிறவன். பின்னால் இரும்புச் சட்டம் பொருத்தி, இரண்டு பக்கமும் பெட்டி அடுக்கிக்கொண்டு வருவான். போன சீசனில் அவன் வண்டி நடுவழியில் நிற்க ஆரம்பித்தது. எஞ்சின் மட்டும் நின்றால் பரவாயில்லை. லைட், ஹாரன் எல்லாம் ஒரே நொடியில் செத்துவிடும். இறங்கித் தள்ளி, கொஞ்ச நேரம் கழித்துச் சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காத மாதிரி ஓடும். நடராசன் முதலில் பேட்டரியை மாற்றினார். பிறகு சாவி சுவிட்சை மாற்றினார். அதற்கும் பிறகு பிளக்கை மாற்றினார். ஹாரன் அடிக்காததற்குப் பிளக் என்ன செய்யும் என்று யாரும் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் ஒர்க்ஷாப்பைச் சுற்றி ஓட்டிக் காட்டி, பணத்தை வாங்கிக்கொண்டு அனுப்பினார்.

வண்டி மறுபடியும் நின்றது. நடராசன் தன் கை பிழைத்தது என்று சொல்வாரா? ‘வண்டியில ஒண்ணுமில்ல, ஓட்டறவன் வழியில படுத்துத் தூங்கிட்டு வந்து கதை சொல்றான்’ என்று டீக்கடையில் சொன்னார். வெயிலில் கிடந்த காய் மண்டிக்கு வரும்போது வாடித்தானே இருக்கும்? வியாபாரிகள் நம்பிவிட்டார்கள். ஒவ்வொருவராகக் கந்தவேலுக்கு லோடு கொடுப்பதை நிறுத்தினார்கள். அவன் பெட்டி அடித்துத்தான் அந்த வீட்டில் உலை வைக்க வேண்டும்.

ஒரு மத்தியானம் கோவிந்தாபுரம் ரோட்டு வளைவில் வண்டி முழு லோடோடு செத்து நின்றது. பின்னால் வந்த லாரி பெட்டியை உரசிக்கொண்டு போனது. கந்தவேல் முள்ளில் போய் விழுந்தான். முழங்கை கிழிந்ததோடு உயிர் பிழைத்தான். ஓடி வந்த வியாபாரி ஒருவர் கேட்ட முதல் கேள்வி, எத்தனை காய் அடிபட்டது என்பது. ஆறுச்சாமியண்ணன் கேட்டது வேறு.

“நிக்கறப்ப வண்டில லோடு இருந்துச்சா?”

“முழு லோடுங்க.”

“காலி வண்டியா வரப்ப எப்பவாச்சும் நின்னுருக்குதா?”

கந்தவேல் யோசித்தான். “இல்லீங்க. காலியா வந்தா ஒண்ணும் பண்றதில்லீங்க.”

“அப்பறம் எதுக்குடா ஒவ்வொருக்காவும் லோடை எறக்கி வெச்சுப்போட்டு ஒர்க்ஷாப்புக்குப் போனே?”

நம் பக்கத்து வழக்கம் அப்படி. டாக்டரைப் பார்க்கக் குளித்துவிட்டுப் போகிற மாதிரி, சுமையை இறக்கி, சட்டத்தைத் துடைத்துத்தான் வண்டியை விடுவோம். காய் வெயிலில் காயக்கூடாது என்பது ஒன்று. சுமையோடு வந்து நின்றால் மெக்கானிக்குக்கு மரியாதைக் குறைவு என்பது இன்னொன்று. ஒர்க்ஷாப்காரர்களும் அதற்கே பழகிவிட்டார்கள். நோயை வீட்டில் வைத்துவிட்டு ஆளை மட்டும் வைத்தியத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம்.

மறுநாள் ஆறுச்சாமியண்ணன் தன் சொந்தக் காயையே அந்த வண்டியில் ஏற்றி, கந்தவேலை ஓட்டச் சொல்லி, தன் வண்டியில் பின்னாலேயே போனார். நானும் போனேன். நடராசன் வாசலிலேயே கையைக் காட்டி மறித்து, பெட்டியை இறக்கிவிட்டு வரச் சொன்னார்.

“எறக்குனா உன்ற கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது நடராசா. அதத்தானே இத்தன நாளாப் பாத்துட்டிருந்தே?”

நடராசன் அவரைக் கிறுக்கன் என்றார். வெளியே தள்ளுங்கள் என்று வேலையாட்களிடம் சொன்னார். இதுதான் ‘சொந்தக் கடை மாதிரி’ நினைத்த லட்சணம். ஆறுச்சாமியண்ணன் நகரவில்லை. கந்தவேலை ஹாரனை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி அது கத்திக்கொண்டிருந்தது. பெட்டிகளின் மேல் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கினார். கத்தல் நின்றது. கையை எடுத்தார். மறுபடி கத்தியது. சும்மா ஒரு முறை செய்து காட்டிவிட்டு நிறுத்துகிற ஆளா? கூட்டம் சேருகிற வரைக்கும் அமுக்கி அமுக்கி விட்டார்.

சீட்டைக் கழற்றிப் பார்த்தார்கள். பேட்டரியிலிருந்து வருகிற மெயின் ஒயரைச் சட்டத்தின் காலோடு சேர்த்து இறுக்கிக் கட்டியிருந்தது. சுமை ஏறினால் சட்டம் கீழே அமுங்கும், ஒயரை இழுக்கும். மேலே தோல் நன்றாகத்தான் இருந்தது. உள்ளே செம்புக் கம்பி அறுந்து கிடந்தது. இழுத்தால் பிரியும், விட்டால் தொடும். அந்தச் சட்டத்தைப் பொருத்தி அப்படிக் கட்டியது யார்? நடராசனின் ஒர்க்ஷாப்தான்.

ஒரு சாண் ஒயர் மாற்றியதோடு வண்டி சரியாகிவிட்டது. மனிதர் சரியாகவில்லை. தொழிலில் இதெல்லாம் சகஜம் என்று சிரித்துக்கொண்டே டீ சொன்னார் நடராசன். “டீ கெடக்கட்டும். இவன் பொய்யனில்லன்னு டீக்கடைல போயிச் சொல்லு. அங்கதானே பொய்யன்னு சொன்னே?” என்றார் அண்ணன். நடராசன் சொல்லவில்லை. அண்ணன் கந்தவேலின் வண்டியில் பின்னால் ஏறி மண்டி மண்டியாகப் போய்ச் சொன்னார். சிலர் நம்பினார்கள். சிலர், ஆறுச்சாமிக்கு நடராசனோடு ஏதோ பழைய பகை என்றார்கள். அந்தச் சிலர் இந்த இரங்கல் கூட்டம் வரைக்கும் கந்தவேலுக்கு லோடு கொடுக்கவில்லை.

அவர் அடிக்கடி சொல்வார்: “முழுசாக் கெட்டத எவன் வேணும்னாலும் கண்டுபுடிப்பான் அம்மிணி. உட்டு உட்டுக் கெடறதுக்குத்தான் பக்கத்துலயே நிக்கோணும்.” வண்டியைப் பற்றி மட்டும் அவர் அதைச் சொன்னதாக நான் நினைக்கவில்லை. ஒருத்தனைப் பொய்யன் என்று சொல்வதற்கு முன், அவன் சுமையோடு இருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும் என்பார். கந்தவேலின் விஷயத்துக்குப் பிறகு, சாகிற வரைக்கும் அவர் அந்த ஒர்க்ஷாப் பக்கம் போகவில்லை. வழியில் பார்த்தாலும் நடராசனுக்கு வணக்கம் வைத்ததில்லை. ‘எல்லோருக்கும் வேண்டியவர்’ என்று மைக்கில் பேசியவர்களுக்கு இது தெரியாதா?

அதனால்தான் எழுந்தேன். நடராசன் மைக்கை வைப்பதற்குள், கந்தவேலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்கள் என்று கேட்டேன்.

“ஏனுங்க்கா, செத்தவரு கூட்டத்துல இதையெல்லாம் பேசோணுங்களா?” என்றார் நடராசன்.

“அவரு இருந்திருந்தா இங்கதானுங்க பேசியிருப்பாரு. நீங்க சொல்லாட்டிப் போகுது. என்ற மண்டிக்கு ஓடற வண்டி ஒண்ணுகூட நாளைலருந்து உங்க பட்டறைக்கு வராது.”

என்னைத் தொடர்ந்து இன்னும் மூன்று நான்கு மண்டிக்காரர்கள் எழுந்தார்கள். அவ்வளவு நேரம் கைதட்டிய வெட்கம் அவர்களுக்கும் இருந்திருக்க வேண்டும். நடராசன் வாசலைப் பார்த்தார். வண்டி வேலையில் தவறு தன்னுடையது என்றும், கந்தவேல் சொன்னது நிஜம் என்றும் மைக்கிலேயே சொன்னார். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது. ஆனால் எல்லோர் காதிலும் விழுந்தது. கந்தவேல் நிமிரவில்லை. துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

ஆறுச்சாமியண்ணனிடமிருந்து நான் எதை வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், அவருடைய அந்தச் சண்டையைத்தான். அவர் பாதியில் விட்டுவிட்டுப் போனதை நான் எடுத்து நடத்துகிறேன். அன்றைக்கே, அந்த இடத்திலேயே, எல்லோர் முன்னிலையிலும் பேசி முடித்தது இது: சுமையோடு பழுதாகிற வண்டியை நடராசன் சுமையோடுதான் பார்க்க வேண்டும், பெட்டிக்கு நிழல் அவர் பொறுப்பு. பழுது கையில் பிடிபட்டால்தான் கூலி; பிடிபடாமல் மாற்றிய சாமானுக்குக் காசு கிடையாது. இதுவரை அவர் பொருத்திய சட்டம் அத்தனையையும் கழற்றி, ஒயரைப் பிரித்துக் கட்டித் தர வேண்டும், அதற்கும் கூலி இல்லை. கந்தவேலுக்கு லோடை நிறுத்தியவர்கள் மறுநாள் காலையில் முதல் நடை லோடை அவனுக்கே கொடுக்க வேண்டும்.