பாஞ்சாலையின் ஏழு ஒன்றுகள்

"இன்னும் ஒடையல கஸ்தூரி," என்றாள் பாஞ்சாலை.

"எது அக்கா?"

"அதான், ஏழு ஒண்ணு. மூணுல போகல, ஏழுல போகல. இருநூத்தி முப்பத்திமூணு வரைக்கும் போட்டுட்டேன். அடுத்தது இருநூத்தி முப்பத்தொன்பது."

"விடுங்கக்கா. அது பகா எண்தான். எதுலயும் போகாது."

"நெசமாவா? நீ போட்டுப் பாத்தியா?"

"பி.எஸ்சி. கணக்கு படிச்சவ சொல்றேன், நம்ப மாட்டீங்களா?"

"ஐயோ, உன்ன நம்பாமலா!" என்று சிரித்தபடி பாஞ்சாலை தாளை மடித்து வைத்துவிட்டாள்.

தேரடித் தெரு அச்சகத்தில் ரசீதுப் புத்தகங்களுக்கு எண் குத்துகிறவள் பாஞ்சாலை. எட்டாம் வகுப்போடு நின்றவள். எண் குத்தும் பொறியின் ஏழு சக்கரமும் ஒரே மட்டத்தில் விழுகிறதா என்று பார்க்க, காலையில் முதல் குத்து எப்போதும் 1111111. ஒரு நாள் அந்த எண் மனதில் ஒட்டிக்கொண்டது. அன்றிலிருந்து சாப்பாட்டு வேளையில் கழிவுத் தாளில் வகுத்துப் பார்ப்பாள். ஆயிரத்து ஐம்பத்துநான்கு வரை எதிலும் மீதியில்லாமல் போகாவிட்டால்தான் அது பகா எண். அங்கே பிழை திருத்துகிற கஸ்தூரிக்கு அது தெரியும். ஆனால் அச்சகத்தில் பட்டம் வாங்கியவள் அவள் ஒருத்திதான். 'தெரியாது' என்ற சொல் வாயில் வரவில்லை.

அதோடு நிற்கவும் இல்லை. அச்சகம் போட்ட 1980-ஆம் வருட நாள்காட்டியில் ஒரு தாளின் அடியில் இடம் மிஞ்ச, கஸ்தூரியே எழுதிக் கொடுத்தாள்: '1111111 ஒரு பகா எண். கண்டறிந்தவர்: பாஞ்சாலை, அடி அண்ணாமலை.' தன் பேரும் ஊரும் அச்சான அந்தத் தாளைப் பாஞ்சாலை தெருவெல்லாம் காட்டினாள்.

ஜனவரியில் கீழ்பென்னாத்தூர் வாத்தியார் இராமலிங்கம் அந்தத் தாளோடு வந்து நின்றார். "யாருங்க இந்தக் கணக்குப் புலி? இருநூத்தி முப்பத்தொன்பதுல சுத்தமா போகுதே!"

முதலாளி சக்கரபாணி வயிறு குலுங்கச் சிரித்தார். "இன்னா பாஞ்சாலை, உன் ஒண்ணெல்லாம் ஒடைஞ்சிடுச்சாமே!"

அச்சு எந்திரம் மிதிப்பவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். பாஞ்சாலை ஒரே ஒரு முறை கஸ்தூரியைப் பார்த்தாள். கஸ்தூரி திருத்திக்கொண்டிருந்த தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"நான்தான் தப்பா போட்டுட்டேன் சார்," என்றாள் பாஞ்சாலை.

கஸ்தூரிக்கு வாய் திறக்க ஒரு வாரம் ஆயிற்று. அதுவும் யாரும் இல்லாத நேரம் பார்த்துத்தான். "அக்கா, அன்னிக்கு நான் போட்டுப் பாக்காமலே சொல்லிட்டேன்."

"தெரியும்மா. இன்னும் ஒரே ஒரு தடவ போட்டிருந்தா எனக்கே கெடைச்சிருக்கும்."

பாஞ்சாலை கழிவுத் தாளை அவள் பக்கம் நகர்த்தினாள். "இருநூத்தி முப்பத்தொன்பதால வகுத்தா இது வருது, நாலாயிரத்தி அறுநூத்தி நாப்பத்தொன்பது. இது ஒடையுதானு பாக்கறேன். ஒண்ணு கேட்டா செய்வியா?"

"சொல்லுங்கக்கா."

"இதுக்கு வெட உனக்குத் தெரிஞ்சாலும், நானே வந்து கேட்டாலும், சொல்லிடாதம்மா."